எல்லைக் கல்லில் நின்ற இயந்திரக்காரர்

தவராசாவுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார். இடுப்பில் செருகியிருக்கும் எண்ணெய்த் துணியை இழுத்துக் கையைத் துடைக்கத் தொடங்குவார். துடைக்க ஒன்றும் இல்லாதபோதும் துடைப்பார். 1987ஆம் ஆண்டுக் கோடையில் அந்தத் துணி நைந்து கிழிந்தே போயிற்று.

குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையில் ஓடிய லோஞ்சில் பதினான்கு வருடம் இயந்திரம் பார்த்தவர். கடலில் துப்பாக்கிச் சூடு விழத் தொடங்கியதும் கிழக்கு பெர்லின் வழியாக மேற்கு ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தார். ஹனோவருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டணத்து அகதி விடுதியில் கட்டில் கொடுத்தார்கள். வேலை செய்யக்கூடாது, மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது என்று இரண்டு தடையும் கொடுத்தார்கள். மனைவி மகாதேவியும் ஏழு வயது மகளும் யாழ்ப்பாணத்தில் காத்திருந்தார்கள். அகதி வழக்கு வென்றால்தான் அவர்களைக் கூப்பிடலாம். அதுவரை ஒரு மனிதன் எத்தனை நாளைக்குத்தான் முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான்?

ஒரு சனிக்கிழமை கால்வாய்க் கரையில் நடந்தபோது ஓர் இயந்திரம் இருமி இருமி நிற்பது கேட்டது. எழுபது வயது தாண்டிய சரக்குப் படகு ஒன்று. பெயர் எல்ஃப்ரீடே. பழைய காலத்தில் ஆட்கள் மார்பில் தோல்வார் மாட்டிக் கரையிலிருந்து இழுத்த படகு. பிறகுதான் இயந்திரம் வைத்தார்கள். பென்சன் எடுத்த பதினைந்து பேர் சங்கம் கூடி அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். தவராசா எட்டிப் பார்த்தார், இறங்கினார், அன்று இருட்டும்வரை ஏறவில்லை. சம்பளமில்லாத வேலை என்பதால் சட்டமும் வாயை மூடிக்கொண்டது. அடுத்த வசந்தத்தில் எல்ஃப்ரீடே சுகமாக ஓடியது. அதை நிறுத்தாமல் ஓட்டச் சங்கத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். நின்றதைக் கிளப்ப அவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஆனால் படகுத்துறையிலிருந்து நான்காவது கிலோமீற்றர்க் கல்லோடு மாவட்டம் முடிந்துவிடும். தண்ணீரில் கோடு இல்லை, தாளில் இருந்தது. ஒருமுறை தூரத்து வுப்பர்டால் நகரில் மச்சானின் கலியாணத்துக்குப் போய்ப் பிடிபட்டார். இன்னொருமுறை இதே படகில், கல்லைத் தாண்டி முந்நூறு மீற்றரில், நீர்ப் பொலிஸ் கடதாசி கேட்டது. மூன்றாவது முறை என்றால் நீதிமன்றம். அகதி வழக்கும் அதோடு நாறிப்போகும். அன்றிலிருந்து ஒவ்வொரு பயணத்திலும் கல் வந்ததும் அவரைக் கரையில் இறக்கிவிட்டு, திரும்பி வரும்போது ஏற்றிக்கொண்டார்கள். தான் உயிர் கொடுத்த இயந்திரத்தின் சத்தம் தன்னை விட்டுவிட்டுப் போவதைக் கேட்டுக்கொண்டு நிற்கவேண்டும். அவமானம்தான். வேறென்ன பெயர் வைப்பது?

செப்டெம்பரில் படகின் எழுபத்தைந்தாம் ஆண்டு விழா. பக்கத்து மாவட்டத்து மதகுவரை பயணம். அங்கே வாத்தியக் குழுவும் விருந்தும். அந்த ஒரு நாளுக்கு அனுமதி கேட்டுத் தவராசா விண்ணப்பம் போட்டார். வெளிநாட்டார் அலுவலக அதிகாரி வென்ட் மறுத்து எழுதினார்: ‘உல்லாசப் பயணம் கட்டாயக் காரணம் ஆகாது.’ சங்கத் தலைவி கோஸ்டர் அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை, நல்ல மனுசி. நல்ல மனுசி என்பதால் சண்டை பிடிக்கவில்லை. வென்டையே விருந்தாளியாக அழைத்தார். நேரில் பார்த்தால் இளகிவிடுவாராம்.

விழா நாள் ஞாயிற்றுக்கிழமை. வென்ட் குடும்பத்தோடு வந்தார், கேக் சாப்பிட்டார், இயந்திர அறையை எட்டிப் பார்த்து “அருமை” என்றார். கல் வந்தது. படகு நின்றது. தவராசா இறங்கினார். வென்ட் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

இறங்குமுன் டீற்றர் என்ற பழைய தபால்காரரிடம் பொறுப்பைக் கொடுத்தார். “இலை விழுகிற காலம். இயந்திரத்தைக் குளிர்விக்கிற தண்ணீர் வலை அடைக்கும். இப்போதே ஒருமுறை, பிறகு கால் மணிக்கு ஒருமுறை எடுத்துக் கழுவுங்கள்.” டீற்றர் தலையாட்டினார். ஆட்டிவிட்டு, மேலே பேச்சுத் தொடங்கியதும் பியர்க் கிளாசோடு ஏறிப்போய்விட்டார்.

கரையில் விடுதித் தோழன் ஆனந்தராசா தேநீர்ப் போத்தலோடு காத்திருந்தான். ஒரு வாய் குடிப்பதற்குள் தூரத்தில் சத்தம் மாறியது. தடித்தது. நின்றது.

“சூடேறி நிண்டிட்டுது,” என்றார் தவராசா. “வலையைக் கழுவேல்லை, விசரன்.”

முந்நூறு மீற்றர் தள்ளிப் படகு மெதுவாகக் கரையைத் தொட்டது. டீற்றர் மூச்சிரைக்க ஓடிவந்தார். பின்னாலேயே வென்ட், அவருக்குப் பின்னால் கோஸ்டர் அம்மாவும் சங்கத்தாரும்.

“வாருங்கள் திரு. தவராசா,” என்றார் வென்ட். “ஐந்து நிமிட வேலைதானே.”

தவராசா துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். “எழுதித் தாருங்கள்.”

“இன்றைக்கு ஞாயிறு. முத்திரை அலுவலகத்தில் இருக்கிறது. யாரும் கேட்கமாட்டார்கள்.”

“முத்திரை இல்லாத கடதாசி செல்லாது என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.”

ஆனந்தராசா காதுக்குள் கிசுகிசுத்தான். “அண்ணை, அந்தாளே கூப்பிடுறார். போயிட்டு வாங்கோவன்.”

“ஏலாது! நாளைக்குப் பிடிச்சால் இந்தாள் வந்து சாட்சி சொல்லுமோ? மகாதேவிக்கு நான் என்னத்தை எழுதுறது? கேக் திண்ட ஆக்கள் கூப்பிட்டவை, போனனான் எண்டோ?” இரண்டு வருடத்துக் கோபமும் அந்த ஒரு மூச்சில் வந்தது. பிறகு ஜெர்மன் மொழியில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “நான் வரமாட்டேன். படகு வரட்டும். தோல்வார் படகின் அறைச் சுவரில்தான் தொங்குகிறது.”

சிரித்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். கோஸ்டர் அம்மா படகுக்குப் போய்க் காட்சிக்கு வைத்திருந்த வார்களைக் கழற்றி வந்தார். முதல் வாரைத் தானே மாட்டினார். இரண்டாவதை வென்டிடம் நீட்டினார்.

கோட்டுப் போட்ட கனவான்கள் எழுபத்தைந்து வயதுப் படகை முந்நூறு மீற்றர் இழுத்தார்கள். புல்லில் சறுக்கினார்கள், வியர்த்தார்கள். வென்டின் பளபளக்கும் சப்பாத்து சேற்றில் புதைந்தது. தவராசா கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார். பாவம் என்று அவருக்குத் தோன்றவில்லை. இன்னும் அரைக் கிலோமீற்றர் இழுக்கட்டும் என்றுதான் தோன்றியது.

படகின் பின்முனை கல்லைத் தாண்டி, இயந்திர அறையும் தாண்டிய பிறகுதான் கால் வைத்தார். வலை நிறைய இலை. கழுவினார், ஆறவிட்டார், கிளப்பினார். எல்ஃப்ரீடே முதல் அடியிலேயே பிடித்தது. மேலே கைதட்டினார்கள்; அவர் நிமிரவில்லை.

“இனி மதகுக்குப் போகலாமே,” என்றார் வென்ட், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி.

“இல்லை,” என்றார் கோஸ்டர் அம்மா. ஒரு வகுப்பையே அடக்கிய குரல் அது. “நாம் திரும்புகிறோம். நான் அன்றைக்கு உங்களுக்கு அழைப்பிதழ் எழுதியிருக்கக்கூடாது. ஆட்சேபம் எழுதியிருக்கவேண்டும்.”

வாத்தியக் குழு மதகில் வெறும் தண்ணீருக்கு வாசித்திருக்கும்.

ஒவ்வொரு பயண முடிவிலும் படகின் குறிப்பேட்டை உரக்க வாசித்து, வந்தவர்கள் எல்லோரும் கீழே கையெழுத்து வைப்பது சங்கத்தின் வழக்கம். கோஸ்டர் அம்மா வாசித்தார்: “இயந்திரக்காரர் தவராசா எல்லைக் கல்லில் இறக்கப்பட்டார். அவர் இல்லாமல் இயந்திரம் நின்றது. படகு கையால் இழுக்கப்பட்டது. அவருக்கு அனுமதி இல்லாததால் மதகுக்குப் போகவில்லை.” பேனா கைமாறிக் கைமாறி வென்டிடம் வந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வைத்தார். அந்தக் கையெழுத்தைத் தவராசாவுக்கு நன்றாகத் தெரியும். மறுப்புக் கடிதத்தின் அடியில் இருந்தது அதுதான்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தவராசா வெளிநாட்டார் அலுவலகத்தில் முதல் ஆளாக நின்றார். அடுத்த ஞாயிற்றுப் பயணத்துக்குப் புதிய விண்ணப்பம். இணைப்பு: குறிப்பேட்டுப் பக்கத்தின் நகல். ‘கட்டாயக் காரணம்’ என்ற கட்டத்தில் ஒவ்வோர் எழுத்தாக அழுத்தி எழுதியிருந்தார்:

‘நான் இல்லாமல் படகு ஓடாது. சாட்சி: திரு. வென்ட், இதே அலுவலகம், இரண்டாம் மாடி.’