கடைசி பீரியட் சோஷியல்

பிள்ளைகளிடம் ‘கேட்பதற்கு உனக்கு உரிமை இருக்கிறது’ என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, அவர்கள் வெளியே போய்க் கேட்டுப் படுகிற பாட்டை ஓரமாக நின்று பார்ப்பதுதான் சோஷியல் வாத்தியார் வேலை. ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய புத்தூர் பக்கம் தமிழ் மீடியம் பள்ளிக்கூடங்களில் இருபது வருஷத்துக்கு மேல் இதைச் செய்தேன். ஊருக்கு ஊர் எஸ்.டி.டி. பூத்தும் கேபிள் டிவியும் வந்து, படித்தவன் பெங்களூருக்கும் படிக்காதவன் குவைத்துக்கும் கிளம்பிக்கொண்டிருந்த காலம். டைம்டேபிளில் எங்கள் பாடம் எப்போதும் கடைசி பீரியட். பிள்ளைகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே பாடம் கேட்பார்கள். நீங்களும் குடிமையியல் நடத்திப் பிழைத்தவராக இருந்தால் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பஞ்சாயத்தில் எத்தனை மெம்பர்

ஒரு வருஷம் டென்த் ரிசல்ட்டில் கணக்கு காலை வாரிவிட்டது. ஹெச்.எம். வாரத்தில் என்னுடைய மூன்று பீரியடைப் பிடுங்கிக் கணக்கு சாரிடம் கொடுத்துவிட்டார். நான் விடவில்லை. பெற்றோர் கூட்டத்தில் எழுந்து பத்து நிமிஷம் பேசினேன். ரேஷன் கார்டு, பட்டா, ஓட்டு, கோர்ட்டு எல்லாம் இந்தப் புத்தகத்துக்குள்தான் இருக்கிறது, நாளைக்கு ஒரு ஆபீஸ் படி ஏறினால் இதுதான் கைகொடுக்கும் என்றேன். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஜெயித்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன்.

கூட்டம் கலைந்ததும் முனுசாமி வந்தார். நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவர். அவர் மகள்தான் என் பாடத்தில் முதல் மார்க். தறிச் சத்தத்திலேயே கிடக்கிற மனுஷன், எப்போதும் உரக்கத்தான் பேசுவார். அன்றைக்கு மெதுவாகப் பேசினார். “தப்பா நெனச்சிக்காதீங்க சார். பஞ்சாயத்துல எத்தினி மெம்பருன்னு எம்பொண்ணுக்குத் தெரியுது. தெரிஞ்சி இன்னா பண்ணப்போறா? கணக்கு வந்தா எங்கனா ஒரு வேல கெடைக்கும், அதச் சொல்லிக் குடுக்கச் சொல்லுங்க.”

குவைத் எங்கே இருக்கிறது

ஒரு சாயங்காலம் கஸ்தூரி என்கிற பெண் வகுப்பு வாசலில் நின்றாள். அவள் மகள் ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் படித்தாள். கூலி வேலைக்குப் போகிறவள். ஏஜென்ட் மூலமாகக் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போகப்போவதாகவும், அது எங்கே இருக்கிறது என்று பார்க்க வந்ததாகவும் சொன்னாள். உலக மேப்பை விரித்துக் காட்டினேன். நம் ஊரில் ஒரு விரலை வைத்து, அங்கே ஒரு விரலை வைத்தாள். “நடுவுல இம்மாந் தண்ணியா?” என்றாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுக்காதே, அடித்தால் இந்தியத் தூதரகத்துக்குப் போ, அங்கே போவது உன் உரிமை என்று சொல்லி, அவளுக்குப் படிக்கத் தெரிந்த தமிழிலேயே விலாசம் முதற்கொண்டு ஒரு தாளில் எழுதிக்கொடுத்தேன். மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஒன்றரை வருஷம் கழித்துத் திரும்பி வந்தாள். வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு. பாஸ்போர்ட்டை முதல் நாளே பிடுங்கிப் பீரோவில் பூட்டிவிட்டார்களாம். சூடு போட்ட அன்றைக்கு என் தாளை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடியிருக்கிறாள். டாக்ஸிக்காரன், கடைக்காரன், போலீஸ் என்று எல்லாரிடமும் நீட்டியிருக்கிறாள். ஒருவனுக்கும் தமிழ் தெரியவில்லை. வெந்த கையோடு ரெண்டு நாள் ஒரு கட்டடத்துக்குப் பின்னால் கிடந்து, கடைசியில் ரோடு பெருக்குகிற திண்டிவனத்துக்காரர் ஒருவர் அதைப் படித்துத் தூதரகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, என்மேல் கோபமே இல்லாமல் சொன்னாள்: “நீங்க எழுதினது அத்தினியும் நெஜம் சார். இங்கிலீஷ்ல எழுதியிருந்தா ரெண்டு நாள் மின்னாடியே தப்பிச்சிருப்பேன்.”

முதல் பெஞ்சு மாணவன்

மாங்காய் சீசனில் எங்கள் பக்கத்துப் பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டு சித்தூர்ப் பக்கம் பழக்கூழ் கம்பெனிகளுக்குக் கொண்டுபோவார்கள். என்னிடம் படித்த செல்வியும் போய்க்கொண்டிருந்தாள். நின்ற வாக்கில் பன்னிரண்டு மணி நேரம் பழம் அறுக்கிற வேலை. மாம்பால் பட்டு விரலெல்லாம் தோல் உரிந்திருக்கும். ஒரு நாள் பக்கத்தில் நின்ற பெண்ணுக்குக் கத்தி பட்டு விரல் நுனி போய்விட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு வேலை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். செல்வி ஆறு பெண்களைச் சேர்த்துக்கொண்டு, எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, மருந்துப் பெட்டி வைக்க வேண்டும் என்று தெலுங்கில் மனு எழுதிச் சித்தூர் லேபர் ஆபீஸில் கொடுத்தாள். மறுநாள் வேன் அந்த ஏழு பேர் வீட்டு வாசலில் நிற்கவில்லை. மற்ற கம்பெனி வேன்களும் நிற்கவில்லை.

அவர்களை நிறுத்திய சூப்பர்வைசர் மோகனும் என் மாணவன்தான். செல்வியோடு ஒரே வகுப்பு, முதல் பெஞ்சு. அவன் வீட்டுக்கே போய், தொழிலாளர் உரிமைப் பாடம் உனக்கு நினைவில்லையா என்று கேட்டேன். நாற்காலி போட்டான், காபி கொடுத்தான், தலையைக் குனிந்துகொண்டே பதில் சொன்னான். “எனக்கும் நீங்கதான் சார் சொல்லிக் குடுத்தீங்க. நான் அத பரீட்சையில எழுதிட்டு மறந்துட்டேன். அவ மறக்கல, அதான் தப்பாப்பூட்ச்சி.”

வாக்குச்சாவடியில் நான்

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஒரு தேர்தலில் எனக்கு நாராயணவனத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் வாக்குச்சாவடி அதிகாரி வேலை. மத்தியானம் பரிமளா வந்தாள். என் பழைய மாணவி. அந்த ஊரில் வாக்கப்பட்டிருந்தாள். பட்டியலைப் பார்த்தால் அவள் பெயருக்கு நேரே ஏற்கனவே கோடு விழுந்திருந்தது. யாரோ அவள் ஓட்டைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கட்சி ஏஜென்ட் சிரித்தான். ஊர்ப் பெரிய கையின் ஆள். வெளியே அவனுடைய ஆட்கள் நாற்பது பேர்; எனக்குக் காவலுக்கு லத்தியோடு ஒரு ஹோம்கார்டு.

பரிமளா பதறவில்லை. “என் ஓட்ட வேற யாரோ போட்டிருந்தா எனக்குத் தனியா ஒரு சீட்டு குடுக்கணும். அத ஒறையில போட்டு வெக்கணும். குடுங்க சார்” என்றாள். சரியாகத்தான் கேட்டாள். அந்தச் சீட்டுக் கட்டு என் மேஜைக்குள்தான் இருந்தது. ஏஜென்ட் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான். “போம்மா, அடுத்த தடவ பாத்துக்கலாம்” என்றேன். அவள் கால் மணி நேரம் அங்கேயே நின்றாள். வரிசையில் இருந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு வந்து ஓட்டுப் போட்டார்கள். அப்புறம் போய்விட்டாள். சாயங்காலம் வாக்குச்சாவடி டைரியில் ‘புகார் எதுவும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சில மாதம் கழித்துப் புத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். பக்கத்தில் அவள் மகள். நான் முகத்தைத் திருப்புவதற்குள் அவளே வந்து வணக்கம் சொன்னாள். “அடுத்த வருசம் இவ உங்க ஸ்கூலுக்குத்தான் வர்றா சார். எல்லாப் பாடமும் நடத்துங்க. அந்தப் பாடத்த மட்டும் நடத்தாதீங்க.”

திருப்பதியில் ஒரு வருஷம்

ரிடையரானதும் திருப்பதியில் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தேன். ஆறாம் வகுப்பிலிருந்தே எஞ்சினியரிங் கோச்சிங் கொடுக்கிற இடம். முதல் நாள் என் டைம்டேபிளை வாங்கிப் பார்த்தால் பாடமே இல்லை, பஸ் ட்யூட்டி மட்டும் இருந்தது. எழுத்துப் பிழை என்று நினைத்து பிரின்ஸிபாலிடம் போனேன். அவர் பொறுமையானவர். “சோஷியல் புக்க மார்ச்ல குடுப்போம் சார், பிள்ளைங்க அவங்களே மனப்பாடம் பண்ணிக்குவாங்க. பஸ்ஸுக்குத்தான் அனுபவமுள்ள ஆள் வேணும்.”

கையெழுத்து

கடைசியாக ஏழுமலை. டென்த்தில் என் பாடத்திலேயே ஃபெயிலானவன். படிப்பை அத்தோடு விட்டுவிட்டான். அவன் நைனா காலத்தில் அரசாங்கம் கொடுத்த ஒன்றரை ஏக்கரில் நிலக்கடலை போட்டுக்கொண்டிருந்தான். அதற்கு முன்னால் அந்தக் குடும்பத்துக்குப் பிடி மண் கிடையாது. அந்தப் பக்கம் ஒரு கம்பெனி வரப்போகிறதென்று ஆபீசர்கள் வந்து கிராம சபை கூட்டினார்கள். தெலுங்கில் அச்சடித்த தாளைக் கொடுத்து எல்லாரையும் கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். தெலுங்கு பேசத் தெரிந்தாலும் படிக்கத் தெரியாத ஜனம். பாதிப் பேர் கட்டைவிரலில் மை தடவிவிட்டார்கள்.

அப்போது ஏழுமலை எழுந்து, தாளில் என்ன இருக்கிறது என்று தமிழில் படித்துச் சொல்லாமல் யாரும் கைவைக்கக் கூடாது என்றிருக்கிறான். போலீஸ் அவனை வெளியே இழுத்துப் போட்டது. மை தடவிய விரலை ஜனங்கள் வேட்டியிலும் புடவையிலும் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். கேஸ் கோர்ட்டுக்குப் போய் மூன்று வருஷம் நடந்தது. கடைசியில் நிலம் போய்விட்டது; சுற்றி முள்கம்பி போட்டுவிட்டார்கள்.

செய்தி கேட்டு அவனைப் பார்க்கப் போனேன். சென்னைக்குக் கட்டட வேலைக்குக் கிளம்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். ஆறுதல் சொல்லப் போன நான் மூட்டையின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டேன். அவன்தான் பேசினான். “நெலத்த அவங்க எடுத்துக்கினாங்க சார். நாங்க எழுதிக் குடுக்கல. நாளைக்கி எம்புள்ள கேட்டா அதச் சொல்லுவேன்.”

கூட்டிக் கழித்துப் பார்த்தால், இத்தனை வருஷத்தில் என் பாடத்தால் யாருக்கும் வேலை கிடைத்ததாகத் தெரியவில்லை, ஏழு பேருக்கு வேலை போனது மட்டும் உறுதி.