பாவாவின் வலது கை

எழுபதுகளின் கடைசியில், ஒரு தீபாவளிக்கு இருபது நாள் இருக்கும்போது, மெட்ராசிலிருந்து திருத்தணிக்கு வரும் டிரங்கு ரோட்டில், கனகம்மா சத்திரம் தாண்டி நடந்த சங்கதி இது. பிள்ளைகளே, உங்களுக்கு இதைப் பாதிதான் சொல்லியிருக்கிறேன். மீதிப் பாதியில் எனக்குக் கெட்ட பேர் என்பதால் விட்டுவிட்டேன். நான் எட்டாவது வரை படித்தவன். சுற்றி வளைத்து எழுத வராது. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

நீங்கள் மாமா மாமா என்று உயிரை விடுகிறீர்களே, என் அக்காவின் வீட்டுக்காரர், அவர் எனக்கு பாவா. நாங்கள் இரண்டு பேரும் ஒரே முதலாளியிடம் தறி நெய்துகொண்டிருந்தோம். முதலாளி இரண்டு வேன் வாங்கினார். ஓட்டக் கற்றுக்கொள்கிறீர்களா என்று எங்கள் இருவரையும் கேட்டார். ஒரே வண்டியில் கற்றோம். ஒரே நாளில் காஞ்சிபுரம் போய் லைசென்ஸுக்கு எட்டுப் போட்டுக் காட்டினோம். அவர் எட்டுப் போடும்போது பின் சக்கரம் கோட்டை மிதித்தது, என்னுடையது மிதிக்கவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் கோட்டை நான் இரண்டு வருஷம் மனசில் வைத்திருந்தேன்.

லைசென்ஸ் வந்ததும் முதலாளி பாவாவை மெட்ராஸ் லைனுக்கு அனுப்பினார். எனக்கு ஆர்.கே.பேட்டை லைன். நூலைக் கொண்டுபோய்த் தறிக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, நெய்த லுங்கியை ஏற்றிக்கொண்டு வர வேண்டும். அந்த ரோட்டில் எதிரே வருவது டவுன் பஸ்ஸும் மாட்டு வண்டியும்தான். டிரங்கு ரோடு அப்படியா? திருப்பதி பஸ் போகும், ஆந்திரா லாரி வரும். ஒரு லாரி நம்மைத் தாண்டினால் அந்தக் காற்றிலேயே வேன் ஒரு முழம் நகரும். உண்மையைச் சொன்னால், மெட்ராஸ் லைன் எனக்கு வேண்டும் என்று ஆசையும் இருந்தது, கிடைத்துவிடுமோ என்று பயமும் இருந்தது.

ஆனால் பாவா ஒரு பயமும் இல்லாமல் போனார், வந்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் மெட்ராசிலிருந்து வரும் நாளில் என் அம்மாவே வெந்நீர் போட்டு வைப்பார். நான் ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்தால், "வந்துட்டியா, அந்தக் கொடத்த எடுத்துகினு போய் தண்ணி கொண்டா" என்பார். உங்கள் அம்மாவும் ஒருநாள் சொன்னாள். "அண்ணன் எவ்ளோ தூரம் போய்ட்டு வராரு, மூஞ்சியில ஒரு களைப்பு கீதா பாருங்க. நீங்க தோ கீற பேட்டைக்குப் போய்ட்டு வந்து உஸ்ஸுன்னு உக்கார்றீங்க."

இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். பெரியவளே, நீ செய்ததைத்தான் தாங்க முடியவில்லை. உனக்கு அப்போது மூன்று வயது. மாமா வண்டியின் ஹார்ன் தெருமுனையில் கேட்டால் கையிலிருக்கும் சோற்றைப் போட்டுவிட்டு ஓடுவாய். என் வண்டிக்கும் அதே ஹார்ன்தான். நான் அடித்தால் நீ திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாய். எப்படித்தான் கண்டுபிடிப்பாயோ. நானும் அவர் மாதிரியே இரண்டு சின்னது, ஒரு நீளம் என்று அடித்துப் பார்த்தேன். ஓடி வந்தாய். நான் இறங்குவதைப் பார்த்ததும் முகம் சுண்டித் திரும்பிப் போய்விட்டாய்.

அந்தத் தீபாவளிக்குச் சரக்கு அதிகம். ஒரு வண்டி போதாது, இரண்டு வேனும் மெட்ராஸ் போகட்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். டிரங்கு ரோட்டில் அதுதான் என் முதல் பயணம். கிளம்பும்போது பாவா என் ஜன்னல் பக்கம் வந்து நின்றார்.

"மச்சான், என் பின்னாடியே வா. ஜன்னலுக்கு வெளிய கைய நீட்டி இப்படி சுத்தினேன்னு வை, ரோடு காலியா கீது, முந்தலாம்னு அர்த்தம். சுத்தலன்னா முந்தாத. ஆங்?"

"எனக்குத் தெரியும் பாவா. எனக்கும்தான் லைசென்ஸ் கீது."

"கீது கீது. லாரிக்காரனுக்கு அது தெரியாதுல்ல" என்று சிரித்துவிட்டுப் போனார்.

நெஞ்சை ஸ்டியரிங்கில் ஒட்டிவைத்துக்கொண்டு போனேன். உள்ளங்கை வேர்த்து, லுங்கியில் துடைத்துத் துடைத்து லுங்கியே ஈரமாகிவிட்டது. ஒவ்வொரு லாரி எதிரே வரும்போதும் மூச்சைப் பிடித்தேன். முன்னால் பாவாவின் வண்டி தேர் மாதிரி நேராகப் போய்க்கொண்டிருந்தது. போகும்போது ஒரு தடவைகூட அவர் கையைச் சுற்றவில்லை. மெட்ராசில் சரக்கை இறக்கி, நூல் மூட்டை ஏற்றித் திரும்பும்போதும் சுற்றவில்லை. கார்க்காரன் முந்துகிறான், பஸ்காரன் முந்துகிறான், நான் மட்டும் வால் பிடித்துக்கொண்டு வருகிறேன்.

திருவள்ளூரில் டீ குடிக்க நிறுத்தினோம். டீக்கடைக்காரர் பாவாவைப் பார்த்ததுமே சர்க்கரை கம்மியாகப் போட்டார். அந்த அளவுக்குப் பழக்கம். பாவா என் தோளில் கை போட்டு, "என் மச்சான். புதுசு. இன்னிக்குத்தான் பெரிய ரோட்டுக்கே வந்துகினு கீறான்" என்றார்.

"பாத்தாலே தெரிது. டம்ளர் ஆடுது பாரு" என்றார் கடைக்காரர்.

எல்லாரும் சிரித்தார்கள். பாவாவும் சிரித்தார். புதுசாம். ஒரே நாளில் வாங்கிய லைசென்ஸ், கோட்டை மிதித்தவர் அவர், புதுசு நானாம். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

கனகம்மா சத்திரம் தாண்டினோம். சாயங்காலம் நாலு மணி இருக்கும், நல்ல வெளிச்சம். ஓரிடத்தில் ரோடு இலேசாக மேடேறி இடது பக்கம் வளையும். பாவாவின் வண்டி அந்த வளைவில் ஏறியதும், வலது ஜன்னலிலிருந்து கை வெளியே வந்தது. நீண்டது. ஒரு சுற்று சுற்றியது.

அப்போது என் மனசு சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். "ஐயோ பாவம், புதுசு, ஒரு தடவை முன்னால் போகட்டும் என்று பிச்சை போடுகிறார்" என்று ஒரு எரிச்சல். கூடவே ஒரு சந்தோஷம்: நான் முதலில் ஊருக்குள் போவேன், இரண்டு சின்னது, ஒரு நீளம் என்று ஹார்ன் அடிப்பேன், மெட்ராசிலிருந்து வந்தது நான் என்று என் மகள் பார்ப்பாள். வலது பக்கம் ஒடித்து அழுத்தினேன்.

பாதி வண்டி தாண்டியபோது வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பஸ் வந்தது. முன்னால் போக நேரம் இல்லை, பின்னால் வாங்கவும் இல்லை. என் கால் எதை மிதித்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பக்கத்தில் பாவாவின் முகம் ஒரு கணம் தெரிந்தது. அடுத்த கணம் அவர் வண்டி இடது பக்கம் ரோட்டை விட்டு இறங்கிவிட்டது. அவர் காலி செய்த இடத்தில் நான் நுழைந்தேன். பஸ் என் கண்ணாடியை உரசிக்கொண்டு போனது. அவருடைய இடம் எனக்கு வேண்டும் என்று இரண்டு வருஷம் ஏங்கினேன் இல்லையா, அது இப்படித்தான் கிடைத்தது.

வண்டியை நிறுத்திவிட்டு ஓடினேன். பாவாவின் வேன் வேர்க்கடலைக் கொல்லையில் இறங்கி, ஒரு புளியமரத்தில் பக்கவாட்டில் இடித்து நின்றிருந்தது. மட்கார்டு நசுங்கி, ஒரு விளக்கு உடைந்திருந்தது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"உனக்கு ஒண்ணும் ஆவலியே?" என்றார்.

"இல்ல பாவா. உங்களுக்கு?"

"இல்ல. ஏன்டா முந்தினே?"

"நீங்கதானே கை காட்டினீங்க."

அவர் தன் வலது கையைப் பார்த்தார். பிறகு ரோட்டை நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். தூரத்தில் நம் திருத்தணி மலை தெரிந்தது.

"டேய், நான் மலையக் கும்புட்டேன்டா" என்றார்.

மலை கண்ணில் பட்டதும் கையை நீட்டி, ஒரு சுற்றுச் சுற்றி, கன்னத்தில் போட்டுக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து நானும் செய்கிறேன். ஆனால் முன்னால் போகிறவருக்குத்தான் மலை முதலில் தெரியும். பின்னால் வந்த எனக்குத் தெரிந்தது அவருடைய கை மட்டும்.

"ஓட்டிகினு வரும்போது எதுக்கு பாவா?" என்றேன். தப்பை அவர் மேல் போட ஒரு வழி கிடைக்குமா என்றுதான் கேட்டேன்.

அவர் மெதுவாகச் சொன்னார். "ஒவ்வொரு வாட்டியும் இந்த எடத்துலதான்டா எனக்கு மூச்சே வருது. போம்போது வூடு திரும்புவேனா மாட்டேனான்னு போறேன். மல தெரிஞ்சதும், அப்பாடா, இன்னிக்கும் உயிரோட வந்துட்டேன்னு கை தானா போவுது. உங்க அக்காகிட்ட சொல்லிடாத."

இரண்டு வருஷமாக நான் எதைப் பார்த்து வயிறெரிந்தேனோ, அந்தத் தைரியம் அவரிடம் இல்லவே இல்லை. களைப்பில்லாத முகம், தேர் மாதிரி போன வண்டி, எல்லாம் என்னைப் போலவே நடுங்கிக்கொண்டே செய்ததுதான்.

இதோடு நான் திருந்திவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் நடந்தது வேறு. கொல்லைக்காரர் மாடு பூட்டி வண்டியை ரோட்டுக்கு இழுத்துக் கொடுத்தார். ஊர் வந்ததும் முதலாளி நசுங்கிய மட்கார்டைப் பார்த்து என்ன ஆச்சு என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பாவா, "மாடு ஒண்ணு குறுக்க வந்துடுச்சிங்க, ஒடிச்சிட்டேன்" என்றார். என் சாவி போகக் கூடாது என்று சொன்ன பொய்.

அந்த மாடு இரண்டு நாளில் ஊரெல்லாம் சுற்றியது. ஒரு வாயில்லா ஜீவனுக்காக வண்டியையே கொல்லையில் இறக்கிய மனுஷன் என்று தெருவே பேசியது. என் அம்மா திருஷ்டி சுற்றிப் போட்டார். பெரியவளே, நீ அவர் மடியில் உட்கார்ந்து மாடு என்ன நிறம் என்று கேட்டாய். "செவல" என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

என்னால் முடியவில்லை. இல்லாத ஒரு மாட்டின் மேல் எனக்குப் பொறாமை வந்தது. மூன்றாம் நாள் முதலாளியிடம் போய் நடந்ததைச் சொல்லிவிட்டேன். நேர்மையில் சொன்னேன் என்று வெகு நாள் பேர் வாங்கிக்கொண்டேன். இல்லை பிள்ளைகளே. நல்ல பேர் எல்லாம் அவருக்கே போகிறதே என்ற எரிச்சலில்தான் சொன்னேன். இதுதான் உங்களுக்குச் சொல்லாத மீதிப் பாதி.

முதலாளி திட்டவில்லை. கையை நீட்டி, "சாவி" என்றார். தை மாதம் வரை திரும்பவும் தறியில் உட்கார்ந்தேன். அன்று சாயங்காலம் பாவா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கோபிப்பார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"நல்ல மாடுடா அது. ஏன்டா கொன்னே?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

தை பிறந்து சாவி திரும்பி வந்தது. மெட்ராஸ் லைனும் பிறகு வந்தது. எத்தனையோ வருஷம் அந்த ரோட்டில் ஓட்டினேன். அந்த மேடு வந்தால் இன்றும் வண்டியை இடது ஓரம் கட்டி, நிறுத்திவிட்டுத்தான் மலையைக் கும்பிடுகிறேன். பின்னால் வருகிறவன் யாரோ, எந்த எரிச்சலில் வருகிறானோ. நீங்களும் நாளைக்குப் பெரிய ரோட்டுக்குப் போவீர்கள். எனக்கு முன்னால் போகிறவர் கையை அசைத்தால், அது என்னைப் பார்த்து அசைத்ததுதானா, இல்லை என் கண்ணுக்கு இன்னும் தெரியாத ஒன்றை அவர் கும்பிடுகிறாரா என்று இன்றைக்கும் ஒரு கணம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் காலை அழுத்துகிறேன்.