ஒரு கட்டில், இரண்டு லென்ஸ்

உடையார்பாளையம் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து மெயின் ரோட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். மதியம் மூன்று மணி இருக்கும். சாப்பிடவில்லை. படம் எடுக்கப் போன வீட்டில், இலை போட்டுச் சோறு வைத்த பிறகு எழுப்பி அனுப்பிவிட்டார்கள். பசி எனக்குப் புதிதல்ல, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கவலையெல்லாம் லென்ஸ்களைப் பற்றித்தான். ஒன்று கேமராவில் மாட்டியிருந்தது, இன்னொன்று பழைய சாக்ஸுக்குள் சுருட்டியபடி பேண்ட் பாக்கெட்டில் இருந்தது. இரண்டும் என்னுடையவை அல்ல. சுண்ணாம்புக்கல் லாரி தாண்டும்போதெல்லாம் கேமராவைச் சட்டைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டேன். புழுதி அடங்கியதும் திரும்பிப் பார்த்தேன். அந்த வீட்டுப் பெரியவர் பைக்கில் வந்து மெமரி கார்டைப் பிடுங்கிக்கொள்வார் என்று எனக்கு ஒரு சந்தேகம். அவர் வரவில்லை. வராததும் சந்தேகமாகத்தான் இருந்தது.

லென்ஸ்கள் என் கைக்கு வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவர் கொடுத்தவை. அதற்கு முன்னால் நான் போர்வெல் லாரியில் போயிருக்கிறேன், அரும்பாவூரில் கரும்பு வெட்டியிருக்கிறேன், திருப்பூரில் இரண்டு வருடம் பனியன் மடித்திருக்கிறேன். படிப்பு ஒன்பதாவதோடு சரி. மலேசியா போன நண்பன் ஒருவன் தன் சின்ன மிரர்லெஸ் கேமராவை எனக்கு விற்றுவிட்டுப் போனதிலிருந்து காதுகுத்து, சடங்கு, புதுமனை என்று படம் எடுத்துத் திரிந்தேன். அந்தக் கேமராவோடு வந்த லென்ஸில் ஒரு தொந்தரவு. நம் ஊர் வீடுகளில் பின்னால் நகர்ந்து நிற்க இடம் கிடையாது. அடுப்படி நிலையில் முதுகு முட்டி நின்றாலும் தாய்மாமன் வரிசையில் பாதிப் பேர் படத்துக்கு வெளியே போய்விடுவார்கள். வெளியே போனவர் யாரோ அவர்தான் அதிகம் செய்முறை செய்தவராக இருப்பார். அதனால் எனக்கு ஒரு வைடு லென்ஸ் வேண்டும், ஜூம் இல்லாமல், சட்டைப் பையில் அடங்குகிற அளவில்.

ஸ்டுடியோக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று பன்னிரண்டு எம்.எம்., ஒன்று பதினாறு. எண் குறையக் குறைய அகலம் கூடும். பன்னிரண்டு டம்ளர் உயரம் இருந்தது, போகஸ் கையால்தான் திருப்ப வேண்டும். பதினாறு தோசைக்குச் சட்னி வைக்கிற கிண்ணம்போலத் தட்டையாக இருந்தது, போகஸை அதுவே பார்த்துக்கொள்ளும்.

"ரெண்டு நாளு போட்டுப் பாரு தம்பி. புடிச்சத வச்சுக்க, புடிக்காதத குடுத்துடு" என்றார். என் ஆதார் கார்டை மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டிக்கொண்டார்.

எந்த வியாபாரி இரண்டையும் தூக்கிக் கொடுப்பான்? அங்கேயே செல்போன் டார்ச்சை லென்ஸின் பின்பக்கம் அடித்துப் பார்த்தேன். பூஞ்சை இருந்தால் கண்ணாடிக்குள் நூல்நூலாகத் தெரியும். இல்லை. பன்னிரண்டின் வளையம் மட்டும் பாதிச் சுற்றில் இறுகியது. உற்றுப் பார்த்தால் வளையத்தின் வரிகளுக்குள் சந்தனம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பொட்டு வைத்து, அது வழிந்து, காய்ந்து, இறுகியிருக்கிறது. ஈர்க்குச்சியால் சுரண்டினால் வந்துவிடும் என்றார் அவர். சுரண்டினேன். வந்தது. குங்குமமும் கொஞ்சம் வந்தது.

அடுத்த நாள் ஸ்டுடியோவில் வைத்தே ஒரு வேலை கிடைத்தது. ஆதார் நகலை லேமினேஷன் பண்ண வந்த பெரியவர் ஒருவர், தன் வீட்டைப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்ப வேண்டும், தம்பி குவைத்தில் இருக்கிறான் என்றார். லென்ஸைச் சோதிக்க வீட்டைவிட நல்ல இடம் எது என்று கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் விஷயம் முழுதாகத் தெரிந்தது. பாகப் பிரிவினை. அவர்கள் வழக்கம், மூத்தவர் பிரிக்க வேண்டும், இளையவர் முதலில் எடுக்க வேண்டும். பிரிக்கிறவருக்கு எது தன் பங்கு என்று தெரியாததால் சமமாகப் பிரிப்பார் என்று கணக்கு. தம்பி ஊருக்கு வந்து ஆறு வருடம். பழைய ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போட்ட பிறகு அவன் பார்த்ததே இல்லை. படத்தைப் பார்த்துக் கிழக்கா மேற்கா என்று சொல்லிவிடுவான். அதற்கப்புறம் பேச்சு மாறக் கூடாது.

பெரியவர் நடுவீட்டில் சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்திருந்தார். யாரும் கேட்காமலே இரண்டு பக்கத்து அறையையும் அடி வைத்துப் பார்த்தேன். கிழக்கு அறை மேற்கைவிட நாலடி நீளம். போர் மோட்டாரும் கிழக்கில்தான் இருந்தது. மேற்கு ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். நான் அடி வைப்பதை அவருடைய மனைவி பார்த்துக்கொண்டே முறத்தில் உளுந்து புடைத்தார்.

"என்ன தம்பி, நடை பழகுறீங்களா?" என்றார்.

லைட்டு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிறேன் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

முதலில் இரண்டு அறையையும் இரண்டு லென்ஸாலும் எடுத்துப் பார்த்தேன். அது என் சொந்த வேலை. பன்னிரண்டைப் போட்டு வாசல் நிலையில் நின்றால் மேற்கு அறையின் நான்கு மூலையும் உள்ளே வந்துவிட்டன. எதிர்ச்சுவர் எங்கோ தள்ளிப் போய் நின்றது. அறை கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடம்போல ஆகிவிட்டது. பதினாறில் அறை அறையாக இருந்தது. பெரியவர் என் தோளுக்குப் பின்னால் நின்று, கேமராத் திரையில் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"மேக்கால பக்கத்துக்கு இந்த உயரக் கண்ணாடியப் போடுங்க. கெழக்கால பக்கத்துக்கு அந்தத் தட்டையே போதும். அதுலயும் நெலையில நிக்க வேணாம், நாலடி உள்ள வந்து எடுத்துடுங்க."

இதைத்தான் மத்தியானம் வரைக்கும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். மேற்கு பெரிதாகத் தெரிய வேண்டும், தம்பி அதை எடுக்க வேண்டும், கிழக்கு இவருக்கு நிற்க வேண்டும். எனக்குப் புரிந்தது அவருக்கும் புரிந்தது. அடுப்படியிலிருந்து அவர் மனைவி, பொதுவாகச் சுவரிடம் சொல்வதுபோல, அப்பாவுக்குப் பீத்துணி அலசியது யார், தளம் ஒழுகியபோது ராத்திரியெல்லாம் சட்டி வைத்துப் பிடித்தது யார் என்று கேட்டார். அதில் பொய் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

சொன்னபடி எடுத்தேன். பெரியவரிடம் பட்டன் போன்தான். அதனால் படங்களை என் போனுக்கு இறக்கி, தம்பியின் எண்ணுக்கு நானே அனுப்பினேன். இலை போட்டார்கள். உட்கார்ந்தேன். போன் அடித்தது. தம்பி வீடியோவில் வந்தார், தலையில் கம்பெனித் தொப்பியோடு. என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. அண்ணனிடம் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன்.

நலம் விசாரிப்பு ஒரு நிமிடம் ஓடியது. பிறகு தம்பி, அப்பா படுத்திருந்த கயிற்றுக் கட்டிலை இரண்டு அறையிலும் போட்டு மறுபடி எடுத்து அனுப்பச் சொன்னார். எதற்கு என்றார் அண்ணன். சும்மா, ஆசைக்கு என்றார் தம்பி. இலையை அப்படியே விட்டு எழுந்து கட்டிலைத் தூக்கினேன். பெரியவர் கண்ணைக் காட்டினார், அதே லென்ஸ், அதே இடம் என்று. அப்படியே எடுத்து அனுப்பிவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தேன். கட்டிலை எடுக்கும்போதே எனக்குத் தெரியும், ஓரத்தில் வருகிற எதையும் பன்னிரண்டு இழுத்து நீட்டிவிடும்.

மறுபடி போன் வந்தது. இந்த முறை குரல் மெதுவாக இருந்தது.

"அண்ணே, இது நம்ம அப்பா கட்டிலுதானே?"

"அதேதான்டா."

"அவரு குட்டை ஆளு. மேக்கால ரூமுல அந்தக் கட்டில்ல ரெண்டு அப்பா படுக்கலாம் போலருக்கே."

பெரியவர் சிரிக்கப் பார்த்தார். தம்பி சிரிக்கவில்லை. போட்டோக்காரரிடம் கொடு என்றார். போன் என் கைக்கு வந்தது.

"ரெண்டும் ஒரே கேமராவுல எடுத்ததாங்க?"

எதிரே இலையில் சோற்றிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது பொய்யும் இல்லை.

"கேமரா ஒண்ணுதாங்க. லென்ஸ் ரெண்டு" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றும் சரியாகத் தெரியாது. நல்ல மனது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தக் கட்டில் படத்தைப் பார்த்தபோது எனக்கே அருவருப்பாக இருந்தது, அவ்வளவுதான். பெரியவர் போனைப் பிடுங்கி அணைத்து என் மடியில் போட்டார். அவர் மனைவி இலையை மடிக்கவில்லை. அப்படியே இரண்டு கையாலும் ஏந்தி உள்ளே கொண்டுபோனார்.

அப்படித்தான் மெயின் ரோட்டுக்கு நடந்தேன். பஸ் பிடித்து அரியலூர் போய், ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து பன்னும் டீயும் சாப்பிட்டுவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு செங்கல் சுவரை இரண்டு லென்ஸாலும் எடுத்தேன். செங்கல் வரி நேராக இருப்பதால் லென்ஸின் கோணல் உடனே தெரியும். பன்னிரண்டில் ஓரத்துச் செங்கல்கூட எண்ணும்படி இருந்தது. வளையத்தை நாலடியில் நிறுத்தி, வெளிச்சம் நுழைகிற துவாரத்தை எட்டாம் எண்ணுக்குச் சுருக்கிவிட்டால் போகஸைத் தொடவே வேண்டாம். பதினாறில் மூலைகள் ஈரத்துணியால் துடைத்ததுபோல மங்கின. வலது மூலை இடதைவிட மோசம். ஒருமுறையாவது கீழே விழுந்திருக்க வேண்டும். ஸ்டுடியோக்காரர் அதைச் சொல்லவில்லை.

லென்ஸாகப் பார்த்தால் பன்னிரண்டுதான் மேல். ஆனால் குடும்பப் படத்தில் ஓரத்தில் நிற்கிற அத்தைக்கு அது தலையைப் பூசணிக்காய் ஆக்கிவிடும், அந்த வீட்டில் மறுபடி கூப்பிட மாட்டார்கள். அதோடு, அது என் கையில் இருப்பது தெரிந்தால் இந்த வட்டாரத்துப் பிளாட் புரோக்கர்கள் ஒருவர் விடாமல், அறையைப் பெரிதாகக் காட்டச் சொல்லித் தேடி வருவார்கள். வந்தால் போவேன் என்பதும் எனக்குத் தெரியும். இன்றைக்கே போயிருக்கிறேனே. மூலை மங்கினாலும் பதினாறு, நடுவில் இருப்பதை அதிகம் கெடுக்கவில்லை. அதுவே இருக்கட்டும் என்று பன்னிரண்டைக் கழற்றிச் சாக்ஸுக்குள் போட்டேன்.

அப்போதுதான் குவைத்திலிருந்து மறுபடி அழைப்பு.

நாளைக்குக் காலையில் அதே வீட்டுக்குப் போக முடியுமா என்று கேட்டார் தம்பி. படம் வேண்டாம். அண்ணன் டேப்பின் ஒரு முனையைப் பிடிப்பார், இன்னொரு முனையை நான் பிடிக்க வேண்டும். போனை ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டால் அவர் பார்த்துக்கொள்வார். அளந்து, கோட்டை அழித்துச் சரியாகப் போட்டு, அதற்கப்புறம்தான் தன் பங்கை எடுப்பாராம். அண்ணன் ஒத்துக்கொண்டுவிட்டார், வேறு வழியில்லாமல்.

என்னை உங்களுக்குத் தெரியாதே, பொய்ப் படம் எடுத்தவனே நான்தானே என்றேன்.

"எங்க அண்ணன் தொரத்துன ஆளுன்னா நம்பலாம்" என்றார். கொஞ்சம் யோசித்து, "பாதி நம்பலாம்" என்றார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போனேன். கேமராவைப் பையிலிருந்து எடுக்கவில்லை. பெரியவர் புது இரும்பு டேப் வாங்கி வைத்திருந்தார். "இப்ப நீ அவன் ஆளா?" என்று மட்டும் கேட்டார். நேற்று இருந்த 'ங்க' போயிருந்தது. அவர் மனைவி உளுந்து முறத்தை ஓரமாக வைத்துவிட்டு, இன்றைக்கு இரண்டு கையும் சும்மா இருக்கும்படி வந்து நின்றார். ஜன்னலில் போன், அதற்குள் தொப்பி.

மேற்கு அறையில் தொடங்கினோம். டேப் நடுவில் தொய்ந்தால் அளவைக் கூடுதலாகக் காட்டும், மேற்கு கணக்கில் நீண்டுவிடும். பெரியவர் தன் பக்கம் கொஞ்சம் தளர்த்தினார். நான் குந்தி உட்கார்ந்து, பூஜ்யம் இருந்த முனையைச் சுவரின் மூலையோடு கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இழுக்கச் சொன்னேன்.