முன்சுவரில் பூசிய சிமெண்டு

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். கட்டுமானத்தில் பட்டம் வாங்கி, தம்போய் நகரில் ஒரு சிறிய கட்டடக் குத்தகையாளர் அலுவலகத்தில் வீட்டு வரைபடம் போடுகிறேன். இதைச் சொல்வதில் எனக்குப் பெருமைதான். அந்தப் பெருமையால் ஒரு சுவரும் கெட்டது.

எங்கள் சொந்த ஊரான சாஆவில் அப்பாவும் அம்மாவும் இருந்த பலகை வீட்டைக் கறையான் தின்றுவிட்டது. செங்கல் வீடு கட்ட எங்களால் முடியாது. பல்கலைக்கழக விடுதியில் என் அறையில் தங்கியிருந்த கென்யத் தோழி லுவோ இனத்தவள். தன் மக்கள் வீடு கட்டும் முறையை இன்றைக்கு ஏற்றபடி திருத்துவதுதான் அவளுடைய ஆய்வு. கல் அடித்தளம், நட்ட கம்புகளுக்குக் குறுக்கே கழிகள், அவற்றில் அப்பிய களிமண், மேலே மண்ணும் மணலும் சாணமும் கலந்த பூச்சு. அப்பாவின் நிலத்தில் அப்படியே இரண்டு அறை கட்ட முடிவு செய்தேன். வார இறுதிகளில் அவளும் என்னோடு பஸ் ஏறினாள்.

லுவோ வழக்கப்படி சுவர் பூசுவது பெண்கள் வேலை. ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாமலே அவளும் அம்மாவும் கையால் மெழுகினார்கள். அவள் பிசைந்த கலவையை அம்மா உருட்டிப் பார்த்து, கேட்காமலே மணல் கூட்டினார். அப்பா நான் வரைந்தபடி கூரைத் தகரம் போட்டதோடு ஒதுங்கிக்கொண்டார்.

"மண்ணு வீடு கட்டவா உன்ன யுனிவர்சிட்டிக்கு அனுப்புனேன்?" என்றார் ஒருநாள். நான் சிரித்துவிட்டு நகர்ந்தேன்.

குடிபுகும் நாளுக்கு உறவினர்கள் வருவதாக இருந்தது. நான் ஊருக்குப் போகாத இரண்டு வாரங்களில் அப்பா முன்சுவர் முழுக்கச் சிமெண்டு பூசிவிட்டார். பிறகு விடாத மழை. நான் போனபோது பூச்சு வெடித்து உப்பியிருந்தது.

"மண்ணு தாங்கல பாத்தியா? இதுக்குள்ள நான் படுக்க மாட்டேன், உங்கம்மாவையும் விடமாட்டேன்" என்றார்.

சுத்தியலால் தட்டியதும் சிமெண்டு பாளம் பாளமாக விழுந்தது. உள்ளே மண் சொதசொதவென்று இருந்தது. சிமெண்டு பூசாத பக்கச் சுவரில் அப்பாவை ஆணியால் குத்திப் பார்க்கச் சொன்னேன். ஆணி இறங்கவில்லை. மண் நனைந்தாலும் வெயிலில் காய்ந்துவிடும், வெடிப்பு வழியாகப் போன நீரைச் சிமெண்டு வெளியே விடாது என்று விளக்கினேன்.

"இத முன்னாடியே சொல்லிருக்கலாம்லா?"

சொல்லியிருக்கலாம். அம்மாவுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னேன். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிய அப்பாவுக்கு இது புரியாது என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

அவர் வாசலில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"மழை இந்தப் பக்கந்தான் அடிக்கும். இங்க மட்டும் ஏன் கூரைய குட்டையா விட்ட?"

முகப்பு எடுப்பாகத் தெரியட்டும் என்றுதான் அப்படி வரைந்திருந்தேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொன்னேன். எத்தனை அடி நீட்டலாம் என்று கேட்டேன். அவர் சொன்ன அளவைக் குறித்துக்கொண்டேன்.

சாயங்காலம் அவரே உறவினர்களைக் கைப்பேசியில் அழைத்துக் குடிபுகுதலைத் தள்ளிவைத்தார். யாரோ காரணம் கேட்டிருக்க வேண்டும்.

"மண்ணு வீடுதான்" என்றார் அப்பா. "முன்பக்கம் காயணும்லா."