குறைவாய் அடித்த காசுகள்

ஆஸ்திரேலியாவுக்கு வெல்டிங் வேலைக்குப் போன என் கணவர், முதல் விடுமுறையில் வந்தபோது எனக்கு ஒரு வெள்ளிக் காசு வாங்கி வந்தார். சேலையோ கைக்கடிகாரமோ இருக்கும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். ஆலங்காயத்தில் மாமியார் வீட்டில் பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வட்டமான பிளாஸ்டிக் உறைக்குள் கனமான ஒரு காசு. ஒரு பக்கம் அந்த நாட்டு அரசியின் முகம். மறுபக்கம் நீண்ட வாலுள்ள, பெயர் தெரியாத ஒரு குட்டிப் பறவை. எடை ஒரு அவுன்ஸ். நம் கணக்கில் நான்கு பவுனுக்குச் சற்றுக் குறைவு.

"இன்னாங்க இது? வெள்ளி நம்ம ஊர்ல கிடைக்காதா?" என்றேன்.

"வெள்ளி கிடைக்கும். இது கிடைக்காது. ரொம்பக் கம்மியாதான் அடிச்சிக்கிறான். இனிமே அடிக்கவும் மாட்டான். வெச்சினு இருந்தா விலை தானா ஏறும் பாரு."

அதோடு நிறுத்தியிருந்தால் அது ஒரு பரிசாக மட்டும் இருந்திருக்கும். ஆனால் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். "வருஷா வருஷம் இந்த மாதிரி வாங்கினு வர்றேன். சொந்தமா ஒரு பட்டறை போடற அளவுக்கு வந்துடுச்சுன்னா, நான் வந்துர்றேன்."

எனக்கு ஜமுனாமரத்தூரில், மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரியில், மருந்து கொடுக்கும் வேலை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வாடகை வீட்டில் நானும் மகளும் இருந்தோம். அவர் கிளம்பிப் போனதும் அந்தக் காசைப் பீரோவில், அவருடைய சட்டைகளுக்கு நடுவே வைத்தேன். அவர் வாங்கி வந்தது வெள்ளி என்று எனக்குத் தோன்றவே இல்லை. திரும்பி வருவதில் ஒரு பங்கை முன்கூட்டியே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த விடுமுறையில் தவளை வந்தது, இருபது காசு. அதற்கடுத்து மீனும் பல்லியும், அதே கணக்கில். எல்லாமே குறைவாக அடித்தவை. எத்தனை அடித்தார்கள் என்று சொல்லும் அட்டையும் கூடவே இருக்கும். அதை அவர் எனக்கு வாசித்துக் காட்டுவார். இரும்பை ஒட்டிப் பழகிய அந்தத் தடித்த விரல்கள் அட்டையின் ஓரத்தை அவ்வளவு மெதுவாகப் பிடித்திருக்கும். நான் அட்டையைப் பார்க்க மாட்டேன். விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு மாதம் முடிந்தால் அவை போய்விடும்.

மலைமேல் மார்கழிக் குளிரில் தனியாக எழுந்து வெந்நீர் போடுவது பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் போட்டு முடித்த பிறகு, இன்னொரு ஆளுக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறேன் என்று தெரியும்போது, அந்தப் பங்கை வாளியிலேயே ஆறவிடுவேன். சாயங்காலம் ஆலங்காயத்துப் பேருந்து வந்து நின்றால், மருந்து கவுண்டரிலிருந்தே யார் இறங்குகிறார்கள் என்று எட்டிப் பார்ப்பேன். அவர் அந்த நேரத்தில் கடல் தாண்டி வேலை முடித்துக் குளித்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பார்ப்பேன்.

மகள் ஒன்பதாம் வகுப்புப் படித்த வருடம், அவர் காசுக் கடையில் நின்றபடி வீடியோவில் கூப்பிட்டார். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு டிராகன். சீனர்களின் கணக்கில் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மிருகம் உண்டு. அந்த வருடம் அதன் முறை. உடம்பைச் சுருட்டி, செதில் செதிலாக, வாயைத் திறந்துகொண்டு இருந்தது. "அப்பா, அது வேணும்" என்று மகள் கத்தினாள். ஒன்று மகளுக்கு, ஒன்று எனக்கு என்று இரண்டு வாங்கி வந்தார். கொடுக்கும்போது ஏதோ தப்புச் செய்தவர் போலச் சிரித்தார்.

"இதுக்கெல்லாம் விலை ஏறாது. எக்கச்சக்கமா அடிச்சிக்கிறான். பாப்பா கேட்டுச்சேன்னு வாங்கினேன்."

அவர் கிளம்பிப் போனபின் ஒருநாள், இதுவரை சேர்ந்தது பட்டறைக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. காசுகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு திருப்பத்தூரில் ஒரு நகைக்கடைக்குப் போனேன். கடைக்காரர் அவற்றைத் தராசில் வைத்து, அன்றைய வெள்ளி விலையைச் சொல்லி, அதிலும் கொஞ்சம் கழித்தார். இவை குறைவாக அடித்தவை என்று அட்டையைக் காட்டினேன்.

"தவளையா இருந்தா இன்னா, பல்லியா இருந்தா இன்னாம்மா? எங்களுக்கு வெள்ளி வெள்ளிதான்" என்றார்.

அவருக்குக் காசைப் பற்றித் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு எழுந்து வந்தேன். சென்னையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாணயக் கண்காட்சி நடப்பதாகப் போனில் பார்த்து, அங்கேயும் போனேன். வாணியம்பாடியில் ரயில் ஏறினேன். மண்டபம் முழுக்க மேசைகள், சந்தை போலக் கூட்டம். வெளிநாட்டு வெள்ளிக் காசுகளை மட்டும் பரப்பி வைத்திருந்த ஒரு பெண்ணிடம் போய் நின்றேன். என்னைவிட நாலைந்து வயது சிறியவளாக இருப்பாள். நான் பறவையை முன்னால் வைத்தேன். அவள் அதைத் தாண்டிக் கையை நீட்டி டிராகனை எடுத்தாள்.

"இது குடுக்கறீங்களாக்கா? காலையிலிருந்து மூணு பேர் கேட்டுட்டாங்க."

"அது நிறைய அடிச்சதும்மா. இந்தப் பறவைதான் கம்மி."

அவள் சிரிக்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்து என்னை உட்காரச் சொன்னாள்.

"கம்மிதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா இந்தப் பறவை வேணும்னு யாருக்கா தேடறாங்க? பத்து காசு இருந்து அஞ்சு பேர் கேட்டா, அது கம்மியே இல்ல. டிராகன் ஆயிரம் இருக்கட்டும், ரெண்டாயிரம் பேர் கேக்கறாங்க. பன்னெண்டு மிருகத்தையும் சேக்கறவங்களுக்கு இது இல்லன்னா வரிசை நிறையாது. காசே சேக்காதவங்ககூட இத மட்டும் வாங்கிக்கறாங்க."

"அப்போ கம்மியா அடிச்சதுக்கு மதிப்பே இல்லையா?"

"கம்மியா அடிக்கறதே இப்ப நிறைய ஆயிடுச்சேக்கா. வருஷத்துக்கு எத்தனை தவளை, எத்தனை பறவை வருது தெரியுமா? பழைய காலத்துக் காசுன்னா தேஞ்சிடும், உருக்கிடுவாங்க, தொலைஞ்சிடும். அதனால மிச்சம் இருக்கறது அபூர்வம். இத வாங்கறவங்க எல்லாரும் உங்கள மாதிரி உறையோட பீரோல வெச்சிடறாங்க. ஒண்ணுகூடக் கொறையாது."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே இளவயதுத் தம்பதி ஒன்று வந்தது. அந்தப் பெண்ணின் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. குழந்தை டிராகன் வருடத்தில் பிறந்ததாம். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். அங்கே கூட வேலை செய்தவர்கள் அதைப் பெரிய அதிர்ஷ்டம் என்று சொல்லியிருக்கிறார்கள். விலையைக் கேட்டதும் அவர் பேரம்கூடப் பேசவில்லை. அந்தக் காசிலுள்ள வெள்ளியின் விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்து, என் பங்கு டிராகனை வாங்கிக் குழந்தையின் மூடிய விரல்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மகளுடையதை நான் விற்கவில்லை.

மண்டபத்துக்கு வெளியே வந்து கணவரைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நான் தேடித் தேடி வாங்கினதெல்லாம்?"

"வெள்ளி விலைக்குப் போகுமாம்."

"நான் பட்டறைக்குன்னு..." என்றார். அவரைத் தேற்ற வேண்டியவள் நான். ஆனால் எனக்கே அழுகை வந்தது. பறவைக்கு விலை இல்லை என்பதற்காக இல்லை. அவர் வருவது அவ்வளவு தூரம் தள்ளிப் போய்விட்டதே என்றுதான்.

ஆனால் நடந்தது வேறு. அதற்குப் பிறகு வெள்ளி விலை ஏறத் தொடங்கியது. வாரத்துக்கு வாரம் ஏறியது. எங்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸுகள் கொலுசைக் கழற்றி எடை போட்டுப் பேசும் அளவுக்கு ஏறியது. தவளையும் மீனும் பல்லியும், அபூர்வத்தால் இல்லாமல் வெறும் எடையாலேயே, அவர் முதலில் சொன்ன பட்டறைக் கணக்கை ஏறக்குறையத் தொட்டுவிட்டன. வங்கியில் நான் போட்டு வைத்திருந்ததையும் சேர்த்தால் தாண்டியே விட்டது. மூச்சு வாங்க அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"நல்லதுதான்" என்றார். "இந்தக் காண்ட்ராக்ட் முடியட்டும். அப்புறம் பார்க்கலாம்."

அவர் விடுமுறைக்கு வந்தபோது பலாக் காலம். மலையெங்கும் பழுத்த வாசனை. ஏரிப் பக்கம் நடந்து போனபோது நேராகவே கேட்டேன். "காசு சேந்துடுச்சில்ல? இன்னும் இன்னாங்க?"

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அங்க காலையில எழுந்தா இன்னா செய்யணும்னு ஒருத்தன் சொல்லிடறான். இங்க வந்து பட்டறையத் திறந்து வெச்சிக்கினு ஒக்காந்தா, யாராச்சும் வருவாங்களான்னு பயமா கீது. அந்தப் பயத்தச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் காசு சேரட்டும், காசு சேரட்டும்னு சொல்லிக்கினே இருந்தேன்."

இத்தனை வருடங்களில் அவர் எனக்குச் சொன்னவற்றில் என்னை மிகவும் நெருங்கி வந்தது அந்தப் பேச்சுதான். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பக்கத்தில் நிற்கும்போதே அவரை இன்னும் அதிகமாகத் தேடியது மனசு. விடுமுறை முடிந்து அவர் போனார். தேதி எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போன மாதம் காசுகளை எடுத்துக்கொண்டு மறுபடியும் அதே திருப்பத்தூர் கடைக்குப் போனேன். கடைக்காரர் பிளாஸ்டிக் உறைகளைப் பிளந்து, பழைய கொலுசுகள் கிடந்த தட்டில் அவற்றைப் போட்டார். பறவையைக் கடைசியாகக் கொடுத்தேன். அதன் வாலை அப்போதுதான் விரலால் முதல்முறை தொட்டேன். மேடு மேடாக இருந்தது.

அந்தப் பணத்தில், ஆலங்காயத்தில் வாணியம்பாடி ரோட்டோரம் ஒரு ஷெட்டுக்கு முன்பணம் கொடுத்தேன். முன்பு டிராக்டர் நிறுத்தியிருந்த இடம். எண்ணெய்க் கறை படிந்த தரை, பாதி மேலேறி மாட்டிக்கொள்ளும் ஷட்டர். உள்ளே வெளியே எல்லாவற்றையும் படம் எடுத்து, ஒரு வார்த்தையும் எழுதாமல் அவருக்கு அனுப்பினேன்.

பார்த்துவிட்டார் என்று போன் காட்டியது. நான் சாலையோரத்தில் நின்று, கரும்பு லாரிகள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மலைக்குப் போகும் பேருந்து ஒன்றை விட்டுவிட்டேன். பிறகு அழைப்பு வந்தது. வணக்கமோ விசாரிப்போ இல்லை.

"கரண்டு மூணு பேஸா, ஒரே பேஸா? வெல்டிங் மெஷின் ஓடணுமில்ல?" என்று கேட்டார்.

எனக்கு அது தெரியவில்லை. "கேட்டுச் சொல்றேங்க" என்று சொல்லிவிட்டு, ஷெட்டுக்காரர் வீட்டை நோக்கி வேகமாக நடந்தேன்.