பலகையில் ஒரு துளை

புருஷன் பெயரை வாயால் சொல்லாத காலத்துப் பெண் நான். இப்போது சொன்னால் யார் என்ன செய்துவிடுவார்கள்? குலசேகரன். மரமடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள எங்கள் ஊரில் ஆள் கிடையாது. உழுத சேற்றில் காளைகள் இழுக்கிற மரப்பலகைமேல் ஏறி நின்று வயலைச் சமப்படுத்துவார், ஒருநாள்கூடச் சறுக்கியதில்லை.

1950இல் அவர் குதிகாலில் கறுப்பாக ஒரு பொட்டு வந்தது. முள் தைத்து ஒடிந்திருக்கும் என்று ஊசியால் நோண்டினேன். சுட்ட செங்கல்லில் எருக்கிலை போட்டு மிதிக்க வைத்தேன். அது பெருத்துப் புண்ணாயிற்று. தொடை இடுக்கில் கட்டி வந்தபோதும், "கால்ல புண்ணு இருந்தா நெறி கட்டத்தான செய்யும்" என்று சொன்ன மகராசி நான்தான். நினைத்தால் இன்றும் என் கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் பார்த்த உடனே டாக்டருக்கு முகம் மாறியது. "இது முள்ளு இல்லம்மா, தோல்ல வந்த புற்று. இடுப்புவரை ஏறிட்டு. நெஞ்சுக்கோ ஈரலுக்கோ போயிட்டுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. கட்டியையும் எடுக்கணும், முழங்காலுக்குக் கீழ காலையும் எடுக்கணும்."

"கால எடுத்தா மரத்துல எப்படி நிப்பேன்?" என்றார் இவர்.

எனக்கு வந்ததே கோபம்! "மரத்துல நிக்காண்டாம். எம்முன்னால நில்லுங்க, அது போதும்!" என்று ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

எடுத்தார்கள். மரக்கால் வந்தது. ஐந்து வருஷம் தாண்டினால்தான் நம்பலாம் என்றார் டாக்டர். இவர் ஒரு இருமல் இருமினால் ராத்திரியெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணுவேன்.

1956 புரட்டாசி. மலையாளச் சீமையை விட்டுத் தமிழ்நாட்டோடு சேரும் நாளை ஊரே எண்ணிக்கொண்டிருந்தது. எனக்கு எக்ஸ்ரேதான் கவலை. டாக்டர் படத்தை ஜன்னலில் பிடித்துப் பார்த்தார், வயிற்றையும் அமுக்கிப் பார்த்தார். "நெஞ்சு சுத்தமா இருக்கு. ஈரலும் நல்லா இருக்கு. போய் வேலையப் பாரும்."

அந்த மனுஷன் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்! மறுநாள் காலையில் வைக்கோல் படப்புக்குப் பின்னாலிருந்து ஒரு புதுப் பலகையை இழுத்தார். நடுவில் மரக்கால் நுழைய அளவாக ஒரு துளை. எனக்குத் தெரியாமல் ஆசாரியிடம் சொல்லிச் செய்து ஒளித்து வைத்திருக்கிறார், கள்ளன்!

வயலில் காளைகளைப் பூட்டி, நான் கத்தக் கத்த மரக்காலைத் துளையில் ஊன்றி ஏறினார். காளைகள் பாய்ந்தன. வயலின் அந்தக் கோடிவரை போய்த் திரும்பி என் முகமெல்லாம் சேற்றை அடித்துவிட்டுக் கேட்டார்:

"ஏட்டி கோமளம், நிக்கேனா?"

"ஆமா, நிக்கியோ!" என்றேன். அழுகையில் அதற்குமேல் வரவில்லை.