ராஜம்மாவின் பொரிச்சட்டி

"ராஜம்மா போயிட்டாங்களாமே" என்று ஏரியூர் பஸ்ஸில் ஒருவர் சொன்னபோது நான் அவரோடு சண்டைக்கே போய்விட்டேன். காலையில் வரப்பில் நின்று என்னை வம்புக்கு இழுத்தவள் மத்தியானத்துக்குள் எப்படிப் போவாள்? வந்து பார்த்தால், என் பக்கத்து வீடான அவள் வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் நாய் மணி அந்தப் பந்தல்காலடியில் படுத்திருந்தது.

எங்கள் பக்கம் காட்டுப்பன்றியை விரட்டவும் வெடி, சாவு எடுக்கவும் வெடி. மணி குட்டியாக இருந்தபோது ஒரு சாவு ஊர்வலத்தின் சத்தத்துக்கு மிரண்டு ஓடி, ராஜம்மாவின் கடலைக்காட்டு வேலியில் கால் கிழிந்து கிடந்தது. கிட்டே வைத்தால் பழகிவிடும் என்று அடுத்த வெடிக்குப் பக்கத்திலேயே கட்டப் போனேன். ராஜம்மா வந்து கயிற்றைப் பிடுங்கினாள்.

"பயந்ததக் கட்டிப் போட்டா பயத்தையும் சேத்துக் கட்டறீங்கண்ணா. இத எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சீங்க?"

நான் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவன். பொட்டலம் கட்டிய காகிதங்களில் எழுத்துக்கூட்டிப் படித்தவன். அது தெரிந்தே கேட்டாள்!

ஆனாலும் அவள் செய்த வேலை இருக்கிறதே! வாசலில் அடுப்பு மூட்டிச் சட்டியில் சோளம் பொரித்தாள். பொரி படபடவென்று வெடிக்கும்போதெல்லாம் தூரத்து வேலியோரம் நின்ற மணிக்குக் களி உருண்டை வீசுவாள். சத்தம் நின்றால் களியும் நின்றுவிடும். மணி மெல்ல மெல்ல அடுப்புக்குக் கிட்டே வந்தது. பிறகு கிளி ஓட்டும் தகரடப்பா, அதற்கும் பிறகு ஏரிக்கரையில் ஒற்றை வெடி. மணி மெல்லுவதை நிறுத்தினால் அன்றைய பாடம் முடிந்தது. இன்னொன்று வெடிக்கலாமே என்பேன். "அவசரம் உங்களுது, காது அதுங்களுது" என்பாள்.

களி என் வீட்டுக் களி, நாய் என் நாய். ஊரோ 'ராஜம்மா நாய்' என்றது.

பன்றிவெடிக்கு மணி பழகிவிட்டது. சாவு ஊர்வலத்துக்கு மட்டும் நடுங்கும். அப்போதெல்லாம் ராஜம்மா தன் வீட்டுக்குள் கூட்டிப்போய் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வாள். "ஒரே ஒரு சாவ இது தாண்டிட்டாப் போதும்ணா" என்பாள். இம்முறை ஊர்வலமே அவளுடையது.

"நாயப் பூட்டிப் போடுங்க மாமா, சரவெடி வாங்கியாந்திருக்கோம்" என்றான் அவள் மகன்.

"மாட்டேன்டா. உங்காத்தா பட்ட பாட்டத் தாழ்ப்பாப் போட்டு மூடச் சொல்றியா?"

முதல் சரம் வெடித்தது. மணியின் உடம்பு விறைத்தது, வால் வயிற்றோடு ஒட்டியது. போச்சு என்று நினைத்தேன். ஓடவில்லை! தலையைத் தூக்கி, பாடைக்குப் பக்கத்தில், வழக்கமாக அவள் கை தொங்கும் உயரத்தைப் பார்த்தது. சத்தம் வந்துவிட்டதே, களி எங்கே?

இந்த வயதில் என் வீட்டுக்கு ஓடினேன். களிச்சட்டியை அப்படியே தூக்கி வந்தேன்.

"சாவுல நாய்க்கு விருந்தாய்யா?" என்று ஒருவன் சிரித்தான்.

"ஆமாய்யா, அவ வெக்கற விருந்து!"

வெடிக்கு ஒரு வாய் களி. தெருக்கோடி வரை மணி பாடையோடு நடந்தது. கடைசியில் வாலைக்கூட ஆட்டியது. "தாண்டிருச்சு ராஜம்மா!" என்று கத்திவிட்டேன். பறை நின்றது, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அந்தப் பொரிச்சட்டியை அவள் மகனிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். மணியின் அடுத்த வெடிக்கென்று துண்டின் முனையில் எப்போதும் ஒரு களி உருண்டை முடிந்திருக்கும். பள்ளிக்கூடத்தைப் பற்றி அவள் கேட்டதை இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன். அந்தச் சண்டையையும் முடித்துவிட்டால், அவளோடு பேச எனக்கு வேறு என்ன இருக்கிறது?